வைக்கோல் திணித்த சாக்கு

கிளியனூர்ப் பக்கம் யார் வீட்டு மாட்டுக்கு இளங்கொடி விழவில்லை என்றாலும் அம்சவள்ளிக்குத்தான் ஆள் வரும். கன்று பிறந்ததும் பின்னாலேயே வந்து விழ வேண்டிய கொடி, சில மாடுகளுக்கு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். அம்சவள்ளி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்கைக்கு மேல் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டே உருவி எடுத்துவிடுவாள். இருபது வருடமாகக் களை எடுக்கவும் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பறிக்கவும் கூலிக்குப் போகிறவள். கொல்லையில் 'ஏ அம்சா' என்று கூப்பிடுகிற வாய், மாடு கன்று போட்டால் மட்டும் 'வாங்க' என்று கூப்பிடும். அது அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். யாருக்குத்தான் பிடிக்காது?

எதிர்வீட்டு ரோஜாவின் ஜெர்சி மாடு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிடாரிக் கன்று போட்டது. ரோஜாவுக்குப் புருஷன் இல்லை. அவளும் இரண்டு பெண்களும் சாப்பிடுவது அந்த ஒரு மாட்டின் மடியை நம்பித்தான். திங்கட்கிழமை காலையிலும் கொடி தொங்கிக்கொண்டே இருந்தது. மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்த அம்சவள்ளி பாதியில் எழுந்து வந்தாள். வந்த அவசரத்தில் கையை ஒரு சொம்புத் தண்ணீரில் அலசியதோடு சரி, நகக்கண்ணில் செம்மண் அப்படியே இருந்தது.

அன்றைக்குக் கொடி லேசில் வரவில்லை. இழுத்தாள். மாடு முதுகை வளைத்து முக்கியது. இன்னும் பலமாக இழுத்தாள். பட்டென்று அறுந்து பாதி மட்டும் கையோடு வந்தது. மீதிக்காக உள்ளே துழாவி எடுத்த கையெல்லாம் ரத்தம். ரோஜா அந்த நேரம் பார்த்து வெந்நீர் எடுக்க உள்ளே போயிருந்தாள்.

கொடியை வைக்கோலில் சுருட்டி ஆலமரத்தில் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். பால் வடிகிற மரத்தில் கட்டினால் மடியில் பால் குறையாது என்பார்கள். அம்சவள்ளி அந்தப் பாதிக் கொடியை ஒரு யூரியா சாக்கில் போட்டாள். சாக்கு புடைக்கிற அளவுக்கு வைக்கோலைத் திணித்து வாயைக் கட்டினாள். ரோஜா வெளியே வந்ததும், "வந்துடுச்சு புள்ள, முழுசா வந்துடுச்சு" என்றாள். மீதி தானாக விழுந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் மாரியாத்தாவை வேண்டிக்கொண்டே போய் மரத்தில் கட்டினாள்.

மீதி விழவில்லை. செவ்வாயன்று மாடு தீவனத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. புதனன்று பால் பாதியானது. "கண்ணு பட்டிருக்கும், சுத்திப் போடு" என்று சொன்னதும் அம்சவள்ளிதான். சொல்லிவிட்டு வந்தவளுக்குச் சோறு இறங்கவில்லை. வியாழக்கிழமை வாலுக்கடியில் சாக்கடைத் தண்ணீர்போல ஒழுகியது. அந்த நாற்றம் தெருவைத் தாண்டி அவள் வாசலுக்கே வந்தது. மாடு படுத்துவிட்டது. ரோஜா கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் புகழேந்தி திண்டிவனத்திலிருந்து வண்டியில் வந்தார். தெருக்காரர்கள் கூடி நின்றார்கள், அம்சவள்ளியும் அதில் இருந்தாள். மாட்டுக்குக் காய்ச்சல் நூற்றைந்து டிகிரி இருந்தது.

"கொடி முழுசா விழுந்துச்சாம்மா? யாராவது கைய வுட்டாங்களா?"

ரோஜா ஓரக்கண்ணால் அம்சவள்ளியைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "தானாதான் விழுந்துச்சு சார். முழுசா. தோ, மரத்துல தொங்குது பாருங்க."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. கன்னு போட்டா கர்ப்பப்பை வாய் தொறந்து கெடக்கும். சாணியில, மண்ணுல இருக்கிற கிருமி எல்லா மாட்டுக்கும்தான் உள்ள போவும். மாட்டு உடம்பே அத அடிச்சுத் தொரத்திடும். ஆனா உள்ள காயம் பட்டு, கொடித் துண்டும் அழுவிக்கினு இருந்தா, கிருமிக்கு அதான் சாப்பாடு. அது பெருகப் பெருக, அதோட சண்ட போட்டே கர்ப்பப்பை வீங்கிப் புண்ணாயிடும். வெஷம் ரத்தத்துல ஏறிடுச்சுன்னா மாடு தாங்காது. இப்ப உள்ள சதை நைஞ்சு போயிருக்கும், நான் தெரியாம துழாவுனா கிழிஞ்சிடும். அதுக்குத்தான் கேக்கறேன்."

"முழுசாதான் சார்" என்றாள் ரோஜா.

"அப்படின்னா உள்ள கைய வுட வேணாம். காய்ச்சலுக்கு மட்டும் ஊசி போட்டுட்டுப் போறேன். நாளைக்கிப் பாக்கலாம்."

மாடு நறநறவென்று பல்லைக் கடித்தது. வலி தாங்காத மாடு அப்படித்தான் கடிக்கும், அம்சவள்ளிக்குத் தெரியும். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அவளை ஒரு நாளாவது 'வாங்க' என்று கூப்பிட்டவர்கள். வாயைத் திறந்தால் இனி ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். திறக்காவிட்டால் நாளைக்கு இந்த மாடு இருக்காது. டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"சார், இருங்க." அம்சவள்ளி முன்னால் வந்தாள். "நான்தான் கைய வுட்டேன். பாதிதான் வந்துச்சு, அறுந்துடுச்சு. மரத்துல தொங்கறது பூரா வைக்கோலு."

ரோஜா மரத்தில் தொங்கிய சாக்கைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாக்கா சொல்ற? நாலு நாளா என் மாடு சாவறதப் பாத்துக்கினு நின்னியா?"

அம்சவள்ளிக்கு ரோஜா நாலு அறை அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. தோள்வரை உறை மாட்டிக்கொண்டு, கர்ப்பப்பை வாயருகே தளர்ந்து கிடந்த கொடித் துண்டை மட்டும் மெல்ல எடுத்தார். வேறு மருந்து ஏற்றினார். ஐந்து நாள் தினமும் வருவதாகச் சொன்னார். அந்த ஐந்து நாளும் அம்சவள்ளி புல் அறுத்து வந்து ரோஜா வீட்டு வேலிப் படலோரம் வைத்தாள். ஒரு புல்லுக்கட்டைக்கூட ரோஜா தொடவில்லை. நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஐந்தாம் நாள் மாடு எழுந்து தவிட்டுத் தண்ணீர் குடித்தது.

"பொழைச்சிடுச்சு. ஆனா அடுத்த சினை புடிக்க நாளாவும், புடிக்காமலும் போவலாம்" என்றார் டாக்டர்.

அவர் போனதும் ரோஜா நேராக ஆலமரத்துக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்து வந்தாள். அம்சவள்ளியின் வாசலில் அதைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போனாள். அம்சவள்ளி அந்த வைக்கோலைக் கூட்டி அள்ளும்போது தெருவே பார்த்தது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் பக்கத்துத் தெரு குமரேசன் ஓடி வந்தான். "அக்கா, மாட்டுக்குக் கொடி விழல. ஜல்தியா வாங்க."

இனி கேட்கவே மாட்டோம் என்று அவள் நினைத்திருந்த 'வாங்க'. அம்சவள்ளி தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

"கைய வுட மாட்டேன் தம்பி. டாக்டரக் கூப்புடு. அவரு வர்ற வரைக்கும் நான் வந்து மாட்டாண்ட நிக்கிறேன்."

"அவரு நம்பரு என்கிட்ட இல்லியே."

எதிர்வீட்டில் சாணி அள்ளிக்கொண்டிருந்த ரோஜா நிமிர்ந்தாள். ஒரு மாதமாக இந்தப் பக்கம் திரும்பாத முகம்.

"என்னாண்ட இருக்குதுக்கா" என்றாள்.