சொல் வரும்வரை

கவிதை வாசிக்கக் கூடுகிற நண்பர்கள் அவளைச் "சாமியாரம்மா" என்பார்கள். தியானக் கூடத்தில் "கவிஞர்". வேலை பார்க்கிற இடத்தில் "தூங்குமூஞ்சி". இதில் கடைசிப் பெயருக்குத்தான் தனக்கு முழுத் தகுதி இருக்கிறது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

வேலை ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில், கட்டடத்தின் அடித்தளத்தில். துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகள் சூடான உருளைகளுக்குள் போய் மறுபக்கம் வரும். வருவதை எதிரே நிற்கும் ஒருத்தியோடு சேர்ந்து முனையோடு முனை பொருத்தி மடித்து அடுக்க வேண்டும். அந்த வெக்கையில் நின்றுகொண்டே கண்ணை மூடிவிடுவாள். கை மட்டும் தன்பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கும். எதிரே நிற்பவள், "ஏய், தூங்குமூஞ்சி! என் விரலையும் சேத்து மடிச்சிடாதே" என்று அதட்டுவாள்.

வீட்டில் இரண்டே அறை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவள் வேறு ஊரில். வீட்டுக்காரருக்குப் பேருந்து ஓட்டும் வேலை. அவருடைய அக்கா கல்யாணமே செய்துகொள்ளாமல் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள், இவர்களோடுதான் இருந்தாள். நாத்தனார் என்றாலும் இவளும் அக்கா என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தாள். அக்காவின் வாய்க்கு ஓய்வு கிடையாது. அரிசி வேகிற விதத்திலிருந்து அரசாங்கம் நடக்கிற விதம் வரைக்கும் ஒரு கருத்து வைத்திருப்பாள். அது காது கிழிகிற குரலில் வரும். அதனால் இவள் காலையில் தியானம் செய்ய வீட்டில் தாழ்ப்பாள் உள்ள ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டாள். குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிடுவாள்.

"உள்ள ஞானம் வந்துச்சா இல்லையா? எனக்கு வண்டி எடுக்கணும்" என்று வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

ஞானம் வராது. வந்தால் தூக்கம் வரும், இல்லையென்றால் கவிதை வரும். மூச்சைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ ஒரு வரி பளிச்சென்று வந்து நிற்கும். அதன்பிறகு மூச்சாவது ஒன்றாவது. எழுந்து போய் மின்சார ரசீதின் முதுகிலோ மாத்திரை அட்டையிலோ கிறுக்கி வைத்தால்தான் மனம் அடங்கும். அப்படிச் சேர்ந்த கவிதைகள் சின்னப் பத்திரிகைகளில் வந்தன. ஒரு மெல்லிய புத்தகமும் வந்தது. வாங்கிப் படித்தவர்களைவிடக் கும்பிட்டு வாங்கிப்போய் அலமாரியில் வைத்தவர்கள் அதிகம்.

தியானக் கூடத்தை நடத்தியவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். பல்லைப் பிடுங்கிய அதே பக்குவத்தோடு ஆட்களின் எண்ணங்களையும் வலிக்காமல் பிடுங்கப் பார்ப்பார். ஒருமுறை ஊருக்கு வெளியே அவர் நடத்திய மௌன முகாமுக்கு இவளும் போனாள். பேசக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. முதல் சில நாட்கள் உட்கார்ந்த இடத்திலேயே உறங்கினாள். உடம்புக்குள் வருஷக்கணக்காகத் தேங்கிக் கிடந்த களைப்பெல்லாம் வெளியே வந்தது. அது தீர்ந்ததும் ஒரு வரி வந்தது. பொறுத்துப் பார்த்தாள். இன்னொன்றும் வந்தது. கைகழுவும் இடத்தில் நின்று சோப்பு உறையின் உள்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது டாக்டர் வந்துவிட்டார்.

"என்னம்மா இது?"

"ரெண்டு வரி, டாக்டர். தானா வந்துடுச்சு."

"வரட்டும். வந்த வழியே போகவும் விடணும். நீங்க அதைப் பிடிச்சுக் கூண்டுல போடறீங்க." அவர் கோபப்படவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. "பேனாவா, தியானத்துக்கு உக்கார்ற பாயான்னு நீங்கதாம்மா முடிவு பண்ணணும். ரெண்டையும் வச்சுக்கிட்டு உங்க ஆயுசு முழுக்க இழுபட்டுக்கிட்டே இருக்கப் போறீங்க."

இழுபட்டு அலுத்துப்போயிருந்தவளுக்கு அது நியாயமாகவே பட்டது. எழுதுவதை விட்டாள். வரி வந்தால் போகவிட்டாள். நாளடைவில் வரிகள் வருவதும் நின்றது. மனம் அமைதியானதா என்றால் அதுவும் இல்லை. துடைத்துக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தாள். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அக்கா மட்டும், "என்னடி, இப்பல்லாம் கிறுக்கறதில்லையா? ரசீதெல்லாம் சுத்தமா இருக்கு" என்றாள்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் அக்கா சமையலறையில் விழுந்தாள். பக்கவாதம். இவள் மடித்து அனுப்பிய விரிப்புகளில் ஒன்றின் மேல்தான் சில வாரம் கிடந்தாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவைத்தபோது வலது கையும் காலும் போயிருந்தன. பேச்சும் குழம்பிப்போயிருந்தது. சொல்ல நினைப்பது ஒன்று, வாயில் வருவது வேறொன்று.

"ஜன்னல்... ஜன்னல் குடு" என்பாள். வீட்டுக்காரர் ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பார். அக்கா ஆத்திரத்தோடு தலையை ஆட்டுவாள். மூடுவார். பிறகு, "போர்வையா? மாத்திரையா? டிவியா?" என்று அடுக்குவார். அக்கா நல்ல கையால் கட்டிலை ஓங்கி அடிப்பாள். கேட்டது தண்ணீர்.

"எனக்குப் புரியலைம்மா. நீயே பாத்துக்கோ" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி எடுக்கப் போய்விடுவார்.

பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? வீட்டுக்காரர் காலை வண்டி முடித்து வந்தபிறகு போகிற மாதிரி வேலையைப் பிற்பகலுக்கு மாற்றிக்கொண்டாள். துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, ஊட்டுவது, துணி மாற்றுவது, பிறகு அடித்தளத்தில் போய் மறுபடி துணி. பக்கெட்டின்மேல் உட்காரும் நேரமும் போயிற்று. கூடத்துக்குப் போவதும் நின்றது. இடுப்பு விட்டுப்போகும் அளவுக்குக் களைப்பு.

ஒரு நாள் காலை அக்கா எதையோ சொல்ல ஆரம்பித்து நடுவில் நின்றுவிட்டாள். உதடு மட்டும் அசைந்தது. இவளுக்கு ஊகித்துக் கேட்கக்கூடத் தெம்பில்லை. கட்டிலோரம் தரையில் சரிந்து உட்கார்ந்து சும்மா அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுவா, அதுவா" என்று கேட்கவில்லை. ரொம்ப நேரம் போயிற்று. மூச்சைப் பார்க்கிற மாதிரியே அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குப் பாதியில்தான் உறைத்தது.

"மு... முதுகு" என்றாள் அக்கா. "முதுகு அரிக்குது."

சரியான சொல். விழுந்தபிறகு அக்கா தானாகவே தேடிப்பிடித்துச் சொன்ன முதல் வாக்கியம். இருவருமே திகைத்துப்போனார்கள். இவள் எழுந்து முதுகைச் சொறிந்துவிட்டாள். சொறியச் சொறிய அக்கா அழுதாள்.

அதுமுதல் அதுவே வழக்கமாயிற்று. கேள்வி கேட்காமல் காத்திருந்தால் சில நாள் சொல் வரும். பல நாள் வராது. "சித்தப்பாவை நிமித்தி வை" என்றால் தலையணை. "மணி அடிக்குது" என்றால் பசி. காத்திருக்கிற அந்த நேரத்தில் இவளுக்குள்ளும் விட்டுப்போனது திரும்பி வந்தது. வரிகள் வந்தன. அவளுடைய பழைய வரிகளைவிட மொட்டையானவை, அழகு குறைந்தவை. வந்தவற்றை விரட்டவில்லை, பிடிக்கவும் ஓடவில்லை. அக்காவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்காவுக்குச் சொல் கிடைத்து, வேண்டியதைக் கொடுத்து முடித்தபிறகும் மனதில் எது தங்கியிருந்ததோ அதை மட்டும் எழுதினாள். முக்கால்வாசி தங்கவில்லை.

எழுதியவற்றில் அக்காவின் தப்புச் சொற்களும் இருந்தன. அது அவளை உறுத்தியது. இல்லாதவர் வீட்டில் கைவைத்த மாதிரி இருந்தது. ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"அக்கா, நீங்க சொல்றதையெல்லாம் கவிதையில வச்சிருக்கேன். ஜன்னலு, சித்தப்பா எல்லாம். உங்களுக்கு ஆட்சேபணையா?"

அக்கா விழுங்கினாள். யோசித்தாள். கஞ்சி ஆறியது.

"எம் பேரு... போடாதே" என்றாள். பிறகு இன்னும் கொஞ்சம் தேடி, "கஞ்சில... உப்பு... போடு."

இவள் வாய்விட்டுச் சிரித்தாள். அக்காவின் வாயும் ஒரு பக்கமாகக் கோணியது.

இரண்டாம் புத்தகம் வருவதற்கு முன்பே அக்கா போய்விட்டாள். கட்டிலை மடக்கி வெளியே எடுத்தபோது வீடு பெரிதாகிவிட்டது. இனி எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், யாரும் தட்டமாட்டார்கள். இவள் வாரக்கணக்கில் எங்கும் உட்காரவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள்.

புத்தகம் வந்ததும் நண்பர்கள் ஒரு நூலகத்தின் மாடியில் கூட்டம் வைத்தார்கள். பாதி நாற்காலிகள் காலி. பல் டாக்டர் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முடிந்தபின் அருகில் வந்து, "உங்ககிட்ட அன்னைக்கு நான் கொஞ்சம் கறாரா பேசிட்டேனோம்மா?" என்று கேட்டார்.

"தெரியலை டாக்டர். நீங்க சொன்னதால நான் விட்டதும் சரி, மறுபடி எழுதினதும் சரின்னு தோணுது. இல்லேன்னா ரெண்டும் தப்பா இருக்கலாம்."

"தியானத்துல உக்கார்றீங்களா இப்ப?"

"உக்கார்றேன். அசதி தாங்கலை. கண்ணு சொக்கிடுது."

"சொக்கட்டும்" என்றார் அவர்.

கீழே வீட்டுக்காரர் காத்திருந்தார். சீருடையோடே வந்திருந்தார். புத்தகத்தை அவர் இன்னும் திறக்கவில்லை. "அக்கா இருக்கா இதுல?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறாள் என்றாள். அவர் புத்தகத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். பேருந்தில் இருவருக்கும் இடம் கிடைத்தது. வண்டி கிளம்புவதற்குள் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். இறங்க வேண்டிய இடம் வந்தபோது எழுப்ப மனமில்லாமல் அவர் அடுத்த நிறுத்தம் வரை போய், அங்கிருந்து அவளை மெதுவாக நடத்திக் கூட்டிவந்தார்.