மதினியும் நானும் காரில் ஒழுகல் தேடிய ஞாயிற்றுக்கிழமை

கதவைத் திறந்தாலே அந்த வாடை முகத்தில் அடிக்கும். மழையில் நனைந்து, காயாமல் மூலையில் கிடந்த கோணிச்சாக்கு வாடை...

அண்ணன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனபோது ஒத்தக்கடை வீட்டில் விட்டுப்போன செகண்ட் ஹேண்ட் கார் அது. வீட்டில் நாங்கள் மூன்று பெண்கள்: அம்மா, நான், அண்ணனைக் கட்டி ஒரு வருஷம்கூட ஆகாத மதினி. நான் அப்போதுதான் ஒரு காலேஜ் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மதினியும் நானும் ஒரே வீட்டில் இருந்தோமே தவிர, பெரிதாகப் பேசிக்கொண்டது கிடையாது.

மதினிக்கு ஊர் எழுமலை. அங்கே அவருடைய அம்மா தனியாக இருந்தார், இடுப்பு ஆபரேஷன் ஆனவர். பஸ் என்றால் மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், உசிலம்பட்டி என்று மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும். கார் இருந்ததால் ஞாயிறுதோறும் மதினியே ஓட்டிப் போய், அம்மாவைக் குளிப்பாட்டி, சோறாக்கி வைத்துவிட்டு, சாயங்காலம் வந்துவிடுவார்.

மழைக்காலம் வந்தது. யானைமலைக்கு அந்தப் பக்கம் மேகம் கருத்தாலே போதும், மறுநாள் காரில் முன்பக்கம் இடதுபக்க சீட்டில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நிற்கும். மெக்கானிக் கதவு ரப்பரை மாற்றினார். நிற்கவில்லை. ஏசித் தண்ணீர்தான் என்றார் இன்னொருவர். ஏசியே போடாத நாளிலும் நனைந்தது. ஒரு தடவை அம்மா ஏறிவிட்டு, வாடை தாங்காமல் மாட்டுத்தாவணி வருவதற்குள் இறங்கி வாந்தி எடுத்தார்.

அண்ணன் போனில் முடிவாகவே சொல்லிவிட்டான். "அத வச்சு மாரடிக்காதீங்க. சமயநல்லூர்ல ஒருத்தர்ட்ட பேசிட்டேன். திங்கக்கெழம வந்து எடுத்துக்கிருவாரு."

மதினி "சரிங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு அடுப்படிக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டபடி வெகுநேரம் நின்றார். பாத்திரம் எதுவும் கழுவவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை நானே போய்க் கேட்டேன். "மதினி, நாமளே ஒருதடவ பார்ப்பமா?"

"நமக்கு என்ன பிள்ள தெரியும்?"

"தண்ணி ஏதோ ஒரு வழியாத்தான உள்ள வருது. அந்த வழியத் தேடுவோம்."

கால்மிதிகளையெல்லாம் உருவிச் சுவரில் காயப்போட்டோம். பழைய துண்டால் தரையை ஒற்றி எடுத்தோம். மதினி உள்ளே போய் முகப்பவுடர் டப்பாவை எடுத்து வந்து, கதவோரம், கண்ணாடியோரம், தரை என்று எங்கும் தூவினார். தண்ணீர் ஓடினால் கோடு விழுமே! பிறகு டார்ச்சோடு சீட்டுக்கு முன்னால் குறுகி உட்கார்ந்து, கண்ணாடியையெல்லாம் ஏற்றிக்கொண்டார். நான் வெளியே, ஹோஸ் பைப்போடு.

கதவு மேல் ஊற்றினேன். உள்ளேயிருந்து இல்லையென்று கையை ஆட்டினார். மேற்கூரை ஓரம்... இல்லை. முன்கண்ணாடி... இல்லை. வெயில் ஏறிவிட்டது. அவருக்கு வேர்த்து ஊற்றியது.

"வெளிய வாங்க மதினி, மூச்சு முட்டப்போகுது!"

"நீ ஊத்து பிள்ள!"

வைப்பருக்குக் கீழே கறுப்பாகச் சல்லடை மாதிரி இருக்குமே, அங்கே பைப்பை வைத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று கண்ணாடியைப் படபடவென்று தட்டினார்.

"வருது! வருது பிள்ள! டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருந்து இறங்குது!"

பானெட்டைத் திறந்து அந்தச் சல்லடையைக் கழற்றினால்... உள்ளே மழைத்தண்ணீர் ஓட வேண்டிய பள்ளம் முழுக்க மக்கிப்போன வேப்பிலையும் வேப்பம்பூவும்! வண்டியை நிறுத்துவது வேப்பமரத்தடியில்தான். வெளியேறும் ஓட்டை அடைத்துக்கொண்டதால், தேங்கிய தண்ணீர் ஏசிக்குக் காற்று போகும் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. கை கையாக அள்ளினோம். ஜன்னல் திரைக் கம்பி ஒன்றை உருவி வந்து ஓட்டைக்குள் விட்டுக் குத்தினார் மதினி. கறுப்புத் தண்ணீர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தபதபவென்று தரையில் கொட்டியது.

திரும்பவும் தூவி, திரும்பவும் ஊற்றிப் பார்த்தோம். பவுடர் அப்படியே இருந்தது.

மதினி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முகமெல்லாம் பவுடர், கையெல்லாம் சகதி. அந்தக் கையோடு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

உடனே அண்ணனுக்குப் போன். "ஏங்க, வண்டி சரியாயிருச்சு. அந்த ஆள வரவேணாம்னு சொல்லிருங்க."

அவன் என்னவோ சொன்னான். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"இல்லங்க, விக்க வேணாம். எங்கம்மாவப் பாக்க நான் போகணும்ல?"

அண்ணனிடம் அவர் மறுத்துப் பேசி அன்றுதான் கேட்டேன். கடைசியில், "சரி, வச்சுக்க" என்றானாம்.

அடுத்த வாரத்திலிருந்து நானும் கூடப் போக ஆரம்பித்தேன். செக்கானூரணி தாண்டியதும் கண்ணாடியை இறக்கிவிடுவோம். மதினிக்குக் கணக்கு டீச்சராக ஆசை இருந்தது எனக்கு அந்த ரோட்டில்தான் தெரியும். எனக்கு ஒருத்தனைப் பிடித்திருந்தது அவருக்கும் அங்கேதான் தெரியும். அதற்குள் எழுமலை வந்துவிட்டதே என்று சில நாள் சலிப்பாக இருக்கும்... அம்புட்டுப் பேச்சு மிச்சம் இருக்கும்.

மதினியின் அம்மா காலமான மறுவருஷம் அண்ணன் அவரை மஸ்கட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டான். காரை அப்போது விற்றோம்.

இப்போது எனக்குச் சொந்தக் கார் இருக்கிறது. என்ன ரிப்பேர் என்றாலும் சர்வீஸ் சென்டரிலிருந்து வந்து எடுத்துப் போய், துடைத்து வைத்தாற்போல் திருப்பித் தருகிறார்கள். என்ன கோளாறு என்று நான் கேட்பதுகூட இல்லை. ஆபீஸ், வீடு, மகனின் டியூஷன் என்று தினமும் ஓட்டுகிறேன். போனில் வழி சொல்லும் குரல் மட்டும் பேசிக்கொண்டு வரும்.

மதினி லீவுக்கு வருவார். வந்தால் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி... சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசுவதற்குள் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

அடுத்த மாசம் வருகிறாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்கு மட்டும் கொடுங்க மதினி என்று இந்தத் தடவை வாய்விட்டுக் கேட்டுவிட வேண்டும். எங்கே போறது என்று கேட்பார்.

சும்மா ஓட்டுங்க, பேசிக்கிட்டே போவோம் என்பேன்.