அடுப்பேறாத உருண்டை

வேலை விட்டு வந்ததும் முத்துலிங்கம் தண்ணீர் விழும் பீலியடியில் குந்தி, எலுமிச்சை மூடியால் விரல்களைத் தேய்க்கிறார். கவ்வாத்துக் கத்தியால் நாளெல்லாம் தேயிலைச் செடிகளை வெட்டுகிற கை. கறை லேசில் விடாது. நகக்கண்ணை ஈர்க்குக் குச்சியால் கிளறுகிறார். பிறகு கையை முகர்ந்து பார்க்கிறார். சவர்க்கார வாசம்கூட இருக்கக்கூடாது. மறுபடியும் கழுவுகிறார்.

வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில் அவர் மனைவி ஜெயந்தினி படுத்திருக்கிறார். ஐந்து மாதக் கர்ப்பம். போன வருஷம் ஏழு மாதக் கர்ப்பத்தில் ஒரு பிள்ளையை இழந்தவர்கள். அடுத்த காம்பராவில் இருக்கும் என்னிடம் முத்துலிங்கம் அதைப் பற்றிப் பேசியது ஒரே தடவைதான். "பேரு கூட யோசிச்சு வச்சிருந்தோங்க டீச்சர்." என்ன பேர் என்று நான் கேட்கவில்லை.

இந்தத் தடவை ஜெயந்தினிக்கு அடுப்பு வாடையே ஆகவில்லை. சோறு கொதித்தால் குமட்டல். பால், முட்டை, கருவாடு, எதைக் கண்டாலும் வாந்தி. நாலாம் மாதம் கிளினிக்கில் எடை பார்த்தபோது இரண்டு கிலோ குறைந்திருந்தார். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவரும் என்ற மிட்வைஃப், அடுப்பு மூட்டாமல் கச்சான் கடலையும் பேரீச்சம்பழமும் இடித்துக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

அதுவரை தேத்தண்ணிகூட ஊற்றிப் பழகாத மனுஷன். தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் வறுத்த கச்சான் வாங்கிவந்து, தோலை ஊதி, என் உரலில் இடித்தார். முதல் நாள் பிடித்த உருண்டையெல்லாம் பொலபொலவென்று உதிர்ந்தது. அடுத்த நாள் தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டதில் மறுநாளே சிக்கு வாடை. எள்ளுப் போடலாமா என்று கேட்டதற்கு லயத்துப் பெண்கள் சூடு என்றார்கள், விட்டுவிட்டார். பேரீச்சம்பழத்தை முதலில் பிசின்போல இடித்து, அதில் அவலையும் கச்சானையும் சேர்த்து, தேங்காயை அன்றைக்கு வேண்டியதற்கு மட்டும் தூவ வேண்டும் என்பது கைக்குப் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று.

ஜெயந்தினி வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முத்துலிங்கம் வற்புறுத்தவில்லை. நெல்லிக்காய் அளவில் ஒன்றைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, என் வாசலில் வந்து உட்கார்ந்தார். காது முழுக்க அந்தக் காம்பராவில் இருந்தது. அரை மணி நேரம் போயிற்று.

"வாந்தியெடுக்கிற சத்தம் கேக்கலீங்களே," என்றார் மெதுவாக.

உள்ளேயிருந்து ஜெயந்தினியின் குரல் வந்தது. "இன்னொண்ணு இருக்குங்களா?"

அன்றிலிருந்து நாளுக்கு ஆறு உருண்டை. கவ்வாத்து மலையில் கூட்டாளிகள் அவரைச் சமையல்காரர் என்று கேலி செய்கிறார்களாம். "சிரிச்சிட்டுப் போறாங்க. அவ வயித்துல நிக்குதுல்ல," என்கிறார்.

போன வியாழக்கிழமை மறுபடி கிளினிக். ஆண்கள் வெளியேதான் நிற்க வேண்டும். வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்ற முத்துலிங்கத்திடம், ஜெயந்தினி வெளியே வந்து அட்டையை நீட்டினார். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. முத்துலிங்கம் அந்த எண்ணை இரண்டு தடவை பார்த்தார். அட்டையை மடிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. லயத்துக்கு இறங்கும் கல்படிகள் பாசியில் பளபளத்தன. முத்துலிங்கம் ஜெயந்தினிக்கு முன்னால் போனார். மனைவியின் முகத்தைப் பார்த்தபடி திரும்பி நின்று, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்.