ரைலியின் சவுனாவில் ஒரு பொய்ப் பை

குடலைத் தின்னும் புற்றுநோயை வெட்டி எடுப்பதுதான் ஹெல்க்கா நுர்மெலாவின் பிழைப்பு. தம்பெரே நகரத்து ஆஸ்பத்திரியில் அவள் கத்தி பிடித்த காலம் முழுக்க அவளைப் பற்றி ஒரே பேச்சுதான்: பிடித்தால் விடமாட்டாள். சிலர் மெச்சிச் சொன்னார்கள், சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்கள். இரண்டையும் அவள் சட்டை செய்யவில்லை.

அந்தப் பிடிவாதம் அவளுக்கு ஆர்வோ என்ற காகித ஆலைத் தொழிலாளியால் வந்தது. அப்போது அவள் வேலைக்குப் புதிது. ஆர்வோவுக்கு மலக்குடலின் அடியில் கட்டி. வெட்டி எடுத்தால் பிழைத்துக்கொள்வான். ஆனால் ஆசனவாயை மூடிவிட்டு, மலம் வெளியேற வயிற்றின் இடப்பக்கம் ஒரு வாய் திறந்து, அதன்மேல் பையை ஒட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க நடமாட வேண்டும். "ஒரு பை, அவ்வளவுதானே" என்றாள் ஹெல்க்கா. ஆர்வோ தலையாட்டிவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். அடுத்த குளிர்காலத்தில், கட்டி கல்லீரல் முழுக்கப் பரவிய பிறகு, தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"ஏன் அப்பவே வரல?" என்று கேட்டாள்.

"சனிக்கிழமை ஆனா ஆலை சவுனாவுல நாங்க எல்லாரும் ஒண்ணா ஒக்காருவோம், டாக்டர். பொறந்த மேனிக்கு. அங்க போய் வயித்துல பீப்பையைக் கட்டிக்கிட்டு ஒக்காரச் சொல்றீங்களா?"

அந்த வாரமே செத்துப்போனான். ஹெல்க்காவுக்கு முதலில் அவன்மேல்தான் கோபம் வந்தது. இந்த அற்பக் காரணத்துக்கு உயிரை விடுவானா ஒருத்தன்! யோசிக்க யோசிக்க, அது அற்பமில்லை என்று உறைத்தது. எங்கள் ஊரில் மனுஷன் துணியில்லாமல், பட்டம் பதவி இல்லாமல் இன்னொரு மனுஷனோடு உட்காரும் இடம் சவுனா என்கிற அந்த ஆவிக் குளியல் அறை ஒன்றுதான். சுட்ட கல்லில் தண்ணீரை ஊற்றி, எழுகிற ஆவியில் வேர்த்து வழிந்தபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அதுதான் எங்கள் சிநேகிதம். அதை ஒருத்தனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு "அவ்வளவுதானே" என்று சொன்ன தன் வாயை நினைத்து அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "நோயாளியோட முடிவு, நாம என்ன பண்ண முடியும்? காபி ஆறுது பாரு" என்றார் பெரிய டாக்டர். அவள் காபியைத் தொடவில்லை.

நேராக, பை பராமரிப்பைக் கற்றுக்கொடுக்கும் நர்ஸ் மைரேவிடம் போய் ஒரு பை கேட்டாள்.

"யாருக்கு?"

"எனக்கு. சவுனாவுக்குப் போட்டுக்கிட்டுப் போகப்போறேன்."

"உள்ள என்னத்தை ரொப்புவ?"

"காலையில மிஞ்சின ஓட்ஸ் கஞ்சி."

"உனக்கு மறை கழண்டுபோச்சு" என்றாள் மைரே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி.

"பை கழலுதான்னு பாத்துட்டு வரேன். மறையை அப்புறம் பாத்துக்கலாம்."

மேட்டுத் தெருவில் விறகடுப்பு வைத்த பழைய பொதுச் சவுனா ஒன்று இருந்தது. அதை நடத்தியவள் ரைலி. அகலமான தோளும் கட்டைக் குரலுமாக இருப்பாள். அடுப்பு மூட்டுவது, வாசலில் காசு வாங்குவது, குடித்துவிட்டு வருபவர்களை விரட்டுவது எல்லாம் அவளே. கஞ்சிப் பையோடு ஹெல்க்கா உள்ளே நுழைந்ததும் பெண்கள் பார்த்தார்கள், உடனே அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். அந்த முகத் திருப்பல்தான் அவளுக்கு ஆவியைவிட அதிகமாகச் சுட்டது. ரைலி மட்டும் கீழ்ப்படிப் பலகையைக் கையால் தட்டி, "இங்க ஒக்காரு. மேல சூடு ஜாஸ்தி, ஒட்டினது விட்டுரும்" என்றாள். அதற்குப் பிறகு வாராவாரம் அந்த இடத்தில் ஒரு துண்டைப் போட்டு அவளுக்காகப் பிடித்து வைத்தாள். யார், என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பசை ஒருநாள் விட்டது. கஞ்சி பலகையில் கொட்டியது. பெண்கள் அலறியடித்துக்கொண்டு வெளி அறைக்கு ஓடினார்கள். ரைலி வாளியோடு வந்து முட்டி போட்டாள். "நடக்கறதுதான், விடு, விடு" என்று சொல்லிக்கொண்டே துடைத்தவள் சட்டென்று நின்றாள். குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு ஹெல்க்காவின் வயிற்றைப் பார்த்தாள். பை இருந்த இடத்தில் வழுவழுவென்று தோல் மட்டும்தான் இருந்தது.

"இது கஞ்சி."

"நான் ஒரு டாக்டர், ரைலி. என் நோயாளிகளுக்காகத்தான்..."

"யாருக்காகவோ இருந்துட்டுப் போகட்டும். துணியைக் கழட்டிட்டு வர்ற எடத்துக்குப் பொய்யை மாட்டிக்கிட்டு வந்திருக்க. உனக்கு நான் எடம் புடிச்சு வெச்சேன்!" என்றவள், வெளி அறை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள்: "வெளிய போ. இனிமே இந்த வாசப்படியை மிதிக்காத."

ஈரத் தலையோடு ஹெல்க்கா வெளியே வந்தாள். கிடைத்த திட்டு நியாயமான திட்டு என்று அவளுக்குத் தெரியும். அதற்காகக் கற்றதை விட்டுவிடவில்லை. எவ்வளவு சூட்டில் எந்தப் பசை தாங்கும், காலையில் அந்த வயிற்று வாய் வழியாகத் தண்ணீர் விட்டுக் குடலைக் கழுவிக்கொண்டால் அன்றைக்குச் சின்ன மூடி மட்டும் போதுமா என்பதையெல்லாம் மைரேவோடு சேர்ந்து தேடித் தேடிச் சேர்த்தாள். "அவ்வளவுதானே" என்ற சொல் அவள் வாயில் பிறகு வரவே இல்லை. "கழலும். எனக்கே கழண்டிருக்கு. அப்ப என்ன செய்யறதுன்னு சொல்றேன்" என்பாள். மறுத்துவிட்டுப் போனவர்களையும் விடவில்லை. பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த ஏலக்காய் ரொட்டியைத் தின்றபடி மறுபடியும் முதலிலிருந்து சொல்வாள். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. அடுத்த வாரமும் போனாள். இப்படியே வருஷங்கள் ஓடின, அவளே பெரிய டாக்டரானாள்.

ஒரு இலையுதிர் காலத்தில், எதிர் நாற்காலியில் ரைலி வந்து உட்கார்ந்தாள். ரத்தம் போகிறது என்று வந்தவளுக்கு ஆர்வோவுக்கு இருந்த அதே இடத்தில் கட்டி. இன்னும் பரவவில்லை. வெட்டினால் பிழைப்பாள்.

"நீயா?" என்றாள் ரைலி.

"நான்தான்."

ஹெல்க்கா எல்லாவற்றையும் சொன்னாள், பையைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னாள். ரைலி குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு எழுந்தாள்.

"நல்லாத்தான் பேசற, டாக்டரம்மா. ஆனா உன் பையை நீ வீட்டுக்குப் போய் பிச்சுப் போட்ட. எனக்கு? அதை மாட்டிக்கிட்டேதான் அந்தப் பலகையில கடைசிவரைக்கும் நான் ஒக்காரணும். வேணாம், விட்டுரு."

கதவு சாத்திக்கொண்டது. ரைலி சொன்னது உண்மை. பொய்ப் பையை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் அவள் போயாகிவிட்டது. இதை இப்படியே விட்டால் ரைலியும் ஆர்வோ போன வழியில்தான் போவாள். அதற்கு விடமாட்டேன் என்று ஹெல்க்கா மனதுக்குள் உறுதி செய்துகொண்டாள்.

அன்றைக்கே மைரேவும் அவளும் பழைய நோயாளிகளுக்குப் போன் போட ஆரம்பித்தார்கள். பெண்களை மட்டும் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். பொதுச் சவுனாவா என்றதும் பலர் போனை வைத்துவிட்டார்கள். ஐந்து பேர் சரி என்றார்கள். பிறகு ஹெல்க்கா ரைலிக்குப் போன் செய்தாள்.

"திங்கக்கிழமை உங்க சவுனா லீவுதானே? அன்னிக்கு அஞ்சு பேருக்கு அடுப்பு மூட்டுவீங்களா? எல்லாரும் நெஜப் பை வெச்சிருக்கறவங்க."

"நீ உள்ள வரக்கூடாது" என்றாள் ரைலி.

"வரல. முத்தத்துல ஒக்காந்துக்கறேன்."

திங்கட்கிழமை மழையும் பனியும் கலந்து கொட்டியது. ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உள்ளே போனார்கள். ஹெல்க்கா முற்றத்துப் பலகையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு கல்லில் தண்ணீர் சீறியது. "ஏய், எங்களை வேக வெச்சுத் திங்கப் போறியா?" என்று யாரோ கத்த, சிரிப்பு வெடித்தது. அப்புறம் ரைலியின் கட்டைக் குரல் ஏதோ கேட்டது. ஹெல்க்கா குடையைச் சாய்த்துக் கதவையே பார்த்தாள்.

ரைலி துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள். தோளிலிருந்து ஆவி பறந்தது. முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"சில்யான்னு ஒருத்தி வந்திருக்கா. முன்னாடி வாராவாரம் வருவா. திடீர்னு நின்னுட்டா. வேற ஊருக்குப் போயிட்டான்னு நெனச்சேன். ரெண்டு தெரு தள்ளித்தான் இருந்திருக்கா, இத்தனை வருஷமா."

"ஏன் வரலையாம்?"

"பையோட வந்த ஒரு பொம்பளையை ரைலி வெளிய தொரத்திட்டான்னு ஊர் பேசிச்சாம். தன்னோட பையைப் பாத்தாலும் தொரத்துவான்னு வரலையாம்."

குடை ஹெல்க்காவின் கையிலிருந்து நழுவியது. அந்தப் பெண் அவள்தான். உள்ளே இருந்தது கஞ்சி என்று ஊருக்கு யார் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை, அவளும்தான் சொல்லவில்லை. நல்லது செய்யப் போய், யாருக்காகப் போனாளோ அவர்களையே வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறாள். முகத்தில் பனி கொட்டக் கொட்ட அவள் அழுதாள்.

"என்னாலதானே?"

"நம்ம ரெண்டு பேராலயும். அழுது என்ன ஆகப்போவுது? வெட்டு, எப்ப வேணா வெட்டு, திங்கக்கிழமை மட்டும் வேணாம். இனி திங்கக்கிழமை இவங்களுக்கு அடுப்பு எரியும். வெட்டினப்பறம் எத்தனை நாள்ல நான் விறகு தூக்கலாம்?"

"ரெண்டு மாசமாவது ஆகும்."

"ரெண்டு மாசம் இவங்க காத்துக்கிட்டு இருப்பாங்களா? அதுவரைக்கும் நீ வந்து தூக்கு. அடுப்பு மூட்டக் கத்துத் தரேன்."

ஹெல்க்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, விறகுக் கொட்டகை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.