ஹொரொமோனா தூக்கிய பெட்டிகள்

ஹொரொமோனா எங்கள் இசைக்குழுவில் சேர்ந்தது ஒரு மழை நாளில். டொக்கொமாரு வளைகுடாவில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போயிருந்தோம். கல்யாணம் நடக்கும் மராய், அதாவது ஊர்ப் பொது மண்டபம், மேட்டில் இருந்தது; அதற்கு ஏறும் பாதை சேறும் சகதியுமாகி, வேன் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. மேலே பெண்ணும் மாப்பிள்ளையும் ஜனங்களும் காத்திருக்கிறார்கள். குழுத் தலைவர் கெரெயாமா செய்வதறியாமல் நின்றார். அப்போது விருந்துச் சமையலுக்கு அடுப்புக் குழியில் கல் அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய ஆள் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தான். இரண்டு பேர் முக்கித் தூக்கும் பேஸ் ஸ்பீக்கரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வழுக்கும் மேட்டில் ஒரே மூச்சாக நடந்துபோனான். திரும்பி வந்து இன்னொன்றையும் தூக்கினான்.

"பாடுவியா?" என்று கேட்டார் கெரெயாமா.

"சர்ச்சுல பாடியிருக்கேண்ணே."

"போதும். இனிமே நீ எங்க ஆளு."

அவனுக்குக் கிஸ்போர்னில் இறைச்சி ஆலையில் வேலை. வாரம் முழுக்க அங்கே ஆட்டுத் தொடைகளைச் சுமந்துவிட்டு, வெள்ளிக்கிழமை வந்தால் பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். சாமான்களை இறக்குவான், அடுக்குவான். பிறகு மேடையில் சலங்கை வைத்த டாம்பரினோடு எனக்குப் பக்கத்தில் நின்று பின்பாட்டுப் பாடுவான். நான் டிரம்ஸ் வாசிப்பவன் என்பதால் எனக்குத் தெரியும், பாதிப் பாட்டுக்கு வாய் மட்டும்தான் அசையும். அதனால் என்ன? கடைத்தெருவில் அவனைப் பார்த்தால் ஜனங்கள் "இந்த வாரம் எங்கே கச்சேரி?" என்று கேட்டார்கள். அதுவரை வீட்டு விசேஷங்களில் பாத்திரம் கழுவ மட்டும் கூப்பிட்ட மச்சினன்மார், முன்வரிசையில் இடம் பிடித்துத் தரச் சொன்னார்கள். அந்தச் சட்டையை அவன் தானே இஸ்திரி போடுவான், மனைவி மிஹியைத் தொடவிட மாட்டான்.

அந்த ஸ்பீக்கர்கள் கெரெயாமா இளவயதில் தன் கையால் பலகை அறுத்துச் செய்தவை. நாங்கள் அவற்றை 'மாடுங்க' என்போம். காலம் போகப் போக மாடுகளைக் கட்டி மேய்ப்பது பெரும்பாடாகிவிட்டது. பேஸ் கிட்டார் வாசிக்கும் வெத்தினிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. அடுத்த ஒத்திகையில், கெரெயாமாவின் கார் ஷெட்டில், பாடகி ஹூயா பேச்சை எடுத்தாள். பள்ளிக்கூட டீச்சர். நாக்கு கொஞ்சம் நீளம்.

"இந்த மாடுங்களை இனிமே என்னால பாக்க முடியாது. இப்பல்லாம் பிளாஸ்டிக் பெட்டியில வருது, சத்தத்தைக் கூட்டற ஆம்ப் உள்ளேயே இருக்கு. ஒரு கையில தூக்கிட்டு இன்னொரு கையில டீ குடிக்கலாம்."

"பிளாஸ்டிக்ல பாட்டு கேக்கணும்னா ரேடியோவைப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிடலாமே," என்றான் ஹொரொமோனா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவன் கூட்டத்தில் கருத்துச் சொல்கிற ஆள் இல்லை.

"ஏண்டா, தூக்குறவன் நீ. குதிக்க வேண்டியவனே நீதானே?" என்றாள் ஹூயா.

"எனக்குக் கனமே தெரியலக்கா. வலிக்குதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"

சொன்னதில்லைதான். ஆனால் வீட்டில் அவனுக்குக் காலுறை மாட்டிவிடுவதே மிஹி என்பது எங்களுக்குத் தெரியாது. குனிய முடியாமல் மாதக்கணக்காகிவிட்டது. வலது கால் அடிக்கடி மரத்துப்போகும். வெள்ளிக்கிழமை மாத்திரை போட்டுக்கொண்டுதான் கிளம்புவான். இதெல்லாம் பின்னால் மிஹி என்னிடம் சொன்னது. அந்த ஒத்திகை முடிந்து போனதும் அவள் வீட்டில் அவனைப் பிடித்துக்கொண்டாளாம்.

"லேசான பெட்டி வந்தா உனக்குத்தானே நிம்மதி? எதுக்குப் போய் மல்லுக்கு நின்னே?"

அவன் பன்றி எலும்புக் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். "தூக்கறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா நான் அங்க எதுக்கு மிஹி?"

"பாடறதுக்கு."

"என் பாட்டை நீ கேட்டிருக்கேல்ல?"

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான்.

அடுத்தடுத்த வாரங்களில் அவன் விதவிதமாகக் குறை கண்டுபிடித்தான். உள்ளே ஆம்ப் இருந்தால் கடற்காற்றின் உப்பு தின்றுவிடும். லேசான பெட்டியைக் கம்பத்தில் ஏற்றினால் புல்வெளிக் கல்யாணத்தில் காற்று தள்ளிவிடும். கேட்கும்போது ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. கெரெயாமாவுக்கும் ஒரு கவலை: திறந்தவெளியில் பேஸ் போதுமா? கடைசியில், சின்ன ஹாலுக்கு இரண்டு லேசான பெட்டி, திறந்தவெளிக்குக் கூடவே சக்கரம் வைத்த ஒரு சிறிய பேஸ் பெட்டி என்று யோசனை வந்தது. கடைக்காரர் மூன்றையும் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார். ஒரு சனிக்கிழமை மதியம் மீனவர் சங்க மாடி ஹாலுக்குப் புதுசையும் பழசையும் கொண்டுபோனோம். புதுசை ஹூயாவே தூக்கி வந்தாள். மாடுகளை வழக்கம்போல ஹொரொமோனா ஏற்றினான்.

முதலில் புதுசு, அப்புறம் பழசு என்று கேட்டோம். ஹொரொமோனா மட்டும் புதுசு சரியில்லை என்று தலையாட்டினான். "பேஸ் எங்கே? நெஞ்சுல இடிக்கவே இல்லையே."

"அப்படியா? சுவரைப் பாத்துத் திரும்பி நில்லு. எது எதுன்னு சொல்லு," என்றாள் ஹூயா.

நின்றான். கெரெயாமா ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டார். இரண்டாவது தடவை ஹொரொமோனா கையை உயர்த்தினான். "இதுதான் நம்ம மாடு! எப்படி இடிக்குது பாருங்க!"

அது பிளாஸ்டிக் பெட்டி. ஹால் முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

"மாட்டுக்கு வக்கீலா வந்தவருக்கு மாட்டுக் குரலே தெரியலையேப்பா!" என்றாள் ஹூயா.

அவனும் கூடச் சிரித்தான். ஆனால் முகத்தை எங்கள் பக்கம் திருப்பவில்லை. நேராகப் போய் ஒரு மாட்டைத் தோளில் ஏற்றினான். வெத்தினி ஒரு பக்கம் பிடிக்கப் போனான். "தொடாதே. நானே இறக்கறேன்," என்றான்.

வெளிப்படிக்கட்டு செங்குத்தானது. பாதியில் அவன் வலது கால் மடங்கியது. பெட்டி முன்னால் உருண்டு போய் சிமென்ட் தரையில் விழுந்து பிளந்தது. அவன் முதுகால் சறுக்கிக்கொண்டே கீழே வந்தான். நான் ஓடிப் போனபோது கத்தவில்லை, தன் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கால் எங்க போச்சுன்னே தெரியல மச்சான்," என்றான்.

முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவில் இருக்கும் சவ்வு நசுங்கி வெகுநாளாகிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் செய்தார்கள். இனிமேல் எதையும் தூக்கக் கூடாது. பிறகு ஆலையில் சுமக்கும் வேலைக்குப் பதில் வாசல் கேட்டருகே உட்கார்ந்து பார்க்கும் காவல் வேலை கொடுத்தார்கள். ஆபரேஷன் அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் மிஹி கெரெயாமாவைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

"உங்க பெட்டியைத் தூக்கித் தூக்கித்தான் இப்படிக் கிடக்கறான்!"

"வலிக்குதுன்னு அவன் சொல்லவே இல்லையேம்மா."

"நீங்க கேக்கவே இல்லையேண்ணே."

கெரெயாமா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றார்.

புதுப் பெட்டிகளை வாங்கினோம். அந்தக் கோடை முழுக்க அவன் இல்லாமல் வாசித்தோம். இறக்குவதும் ஏற்றுவதும் நொடியில் முடிந்தது. கெரெயாமா அவன் வீட்டுக்குப் போய், "சும்மா வந்து நில்லுடா, டாம்பரின் தட்டு," என்றாராம். "பாவம் பாத்துக் கூப்பிடாதீங்கண்ணே," என்று அனுப்பிவிட்டான்.

அதற்கப்புறம் ஹூயா போனாள். நானும் கூட இருந்தேன்.

"நான் பாவம் பாக்கற ஆளா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா."

"உன் குரல் மேல போனா அறுக்குது. கீழ நல்லாருக்கு. இப்பப் பாடிக் காட்டு. தேறினா வா, தேறலேன்னா வராதே."

அவன் டிவியை அணைத்தான். இடுப்புப் பட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, எங்கள் பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பாடினான். சமையலறையில் மிஹி குழாயை நிறுத்திவிட்டுக் கதவோரம் வந்து நின்றாள். அவன் குரலை முழுசாக நானே அன்றுதான் கேட்டேன். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"ரெண்டு பாட்டு தேறும். மத்ததுக்கெல்லாம் உக்காந்திரு," என்றாள் ஹூயா.

"டாம்பரின்?"

"வேணாம். நீ தாளத்தை விடறே."

அவன் இடுப்புப் பட்டையை இழுத்துச் சரிசெய்தான். பிறகு, எந்த இரண்டு என்று கேட்டான்.

இலையுதிர் காலத்தில் அதே மீனவர் சங்கத்தில் கச்சேரி. அவன் வெறுங்கையோடு படியேறி வந்தான். சாமானெல்லாம் ஏற்கெனவே மேலே போயிருந்தது. மிச்சமிருந்த ஒரு மைக் ஸ்டாண்டுக்குக் கை நீட்டினான், வெத்தினி முந்திக்கொண்டான். கைகளைப் பாக்கெட்டில் விட்டான், எடுத்தான், மறுபடி விட்டான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் அவனுக்கென்று போட்ட நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். அவன் பாட்டு வந்தபோது நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து பாடினான். கைதட்டல் எல்லோருக்கும் பொதுவாக விழுந்தது.

"என் குரல் கேட்டுச்சா?" என்றான் என்னிடம்.

"கேட்டுச்சு."

இப்போது சில வாரங்கள் வருகிறான். சில வாரங்கள் மிஹி போன் செய்து, இன்றைக்கு அவனால் உட்கார முடியவில்லை என்கிறாள். அந்த நாட்களில் அந்த இரண்டு பாட்டையும் நாங்கள் வாசிப்பதில்லை.