இல்லைக்கு இட்ட புள்ளடி

மஞ்சள் வாக்குச்சீட்டு அது. இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, லண்டன் லூயிஷாமில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் தந்தார்கள். விசேட பொதுக்கூட்டத்தைத் தலைவர் மட்டுமே கூட்டலாம் என்பது பழைய விதி. முப்பது அங்கத்தவர்கள் கையெழுத்திட்டாலும் கூட்டலாம் என்று மாற்றச் சம்மதமா என்பது கேள்வி. கீழே ஓம், இல்லை என்று இரண்டு பெட்டிகள்.

மண்டபத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணைக்காகத்தான் அந்தக் கேள்வி வந்தது. அவருடைய அகதி வழக்கு முடியும் தறுவாயில் இருந்தது. சங்கம் அவருக்காகக் கடிதம் கொடுப்பதென்றால் பொதுக்கூட்டம் சம்மதிக்க வேண்டும். மறுப்பு வராமல் கடிதம் எதற்கு என்று தலைவர் தட்டிக்கழித்துவிட்டார். மறுப்பு வந்தால் மேன்முறையீட்டுக்குக் கிடைப்பதோ சில நாட்கள்தான். தலைவர் பாதி வருடம் கனடாவில், மகள் வீட்டில்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "எல்லாருக்கும் கூட்டம் கூட்ட ஆசை. முதல்ல மண்டபத்தைக் கூட்டுங்கோ" என்றார். சிரித்தார்கள். கதவடியில் நின்ற அண்ணை, "அதை நான் கூட்டுறன். நீங்கள் மற்றதைக் கூட்டுங்கோ" என்றார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அதுவரை எந்தத் தேர்தலிலும் வாக்களித்ததில்லை. தாளைக் கண்டாலே கை வியர்க்கும். 'புள்ளடி (X) இடவும்' என்றிருந்தது. எனக்குப் புள்ளடி என்றால் பிழை. வாத்தியார் என் கொப்பி முழுக்கச் சிவப்பில் இட்டது அதைத்தானே. வேண்டாததை வெட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து, 'இல்லை'யின் மேல் அழுத்திப் போட்டேன். பக்கத்தில் இருந்தவரைக் கேட்க வெட்கம்.

ஒரு வாக்கால் தோற்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி, "ஓமுக்குத்தானே புள்ளடி போட்டனீங்கள்?" என்று சும்மா கேட்டாள். அப்போதுதான் விளங்கியது. தலையாட்டினேன். இறங்கித் திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தரிப்பிலும் நினைத்தேன். இறங்கவில்லை.

மாசியில் மறுப்பு வந்தது. தலைவர் கனடாவிலிருந்து, வந்து பார்ப்போம் என்றார். நாற்பது பேர் கையெழுத்து வைத்தோம். முதல் கையெழுத்து என்னுடையது. விதியில் இடமில்லையே என்று செயலாளர் தாளைத் திருப்பித் தந்தார். கடிதம் இல்லாமலே மேன்முறையீடு போய்த் தோற்றது. கடிதம் இருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று வக்கீல் சொன்னாராம். அதை நம்பத்தான் இன்றும் பார்க்கிறேன், முடியவில்லை.

அடுத்த ஆண்டு அந்த விதி ஒருமனதாக மாறியது. இன்றுவரை அதைக் கொண்டு ஒருவரும் ஒரு கூட்டமும் கூட்டவில்லை.

அவரை ஊருக்குத் திருப்பி அனுப்புவதற்கு முதல்நாள், தடுத்து வைத்திருந்த இடத்திலிருந்து அண்ணை போன் எடுத்தார். யாரையும் குறை சொல்லவில்லை.

"ஆர் மாறிப் போட்டதெண்டு நான் யோசிக்கேல்லை தம்பி. நீர் எனக்குத்தான் போட்டிருப்பீர். அதுவே எனக்குக் காணும்."

"ஓம் அண்ணை" என்றேன்.