கிட்டங்கியில் நின்ற காருக்கு நாலு சக்கரம்

என் மாமியார் அந்தக் காரை முதன்முதலாகப் பார்த்ததும் கேட்ட கேள்வி: "ஏலே, இது காரா, குளிக்கிற தொட்டியா?"

அவர் கேட்டதிலும் தப்பில்லை. ரத்தச் சிவப்பில், முழங்கால் உயரத்தில், தலைக்கு மேல் கித்தான் துணியை மட்டும் போர்த்திக்கொண்டு நின்றது வண்டி. சக்கரங்களில் சைக்கிளுக்கு இருப்பதுபோல் மெல்லிய கம்பிகள் பளபளவென்று பின்னியிருந்தன. மலையில் தேயிலைத் தோட்டம் பார்த்த ஒரு வெள்ளைக்காரர் தூத்துக்குடியில் கப்பலேறி ஊருக்குப் போகும்போது அதை விட்டுப் போனார். கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர் அதை வாங்கிவந்தார். எழுபதுகளின் தொடக்கம் அது. புதுத் துறைமுகத்துக்குக் கல் கொண்டுபோகும் லாரிகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த காலம்.

எனக்கு அந்தக் காரில் பிடித்தது நிறமுமில்லை, கம்பியுமில்லை. உள்ளே எட்டிப் பார்த்தபோது இரண்டே இரண்டு இருக்கைகள் இருந்தன. அவ்வளவுதான்.

கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் பதினோரு பேர். திருச்செந்தூர் போனாலும் ஏழு பேர், ஆஸ்பத்திரி போனாலும் நாலு பேர். நானும் அவரும் மட்டும் ஓர் இடத்துக்குப் போனது கிடையாது. ஆற்றுப் பாசன ஊரில் நெல்லுக்குள் வளர்ந்தவள் நான். கல்யாணத்துக்கு வந்துதான் கடலையே பார்த்தேன். மணப்பாட்டில் குன்றின் மேல் மாதாகோயிலும் மூன்று பக்கமும் கடலும் இருக்கிறது என்று அவர் சொல்லி, "ஒரு நாள் நாம ரெண்டுபேரும் போவோம் ஏளா" என்றிருந்தார். இரண்டு இருக்கையைப் பார்த்ததும் அந்த ஒரு நாள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆனால் மழைக்காலம் முந்திக்கொண்டது. கித்தான் ஒழுகும் என்று பயந்து, கூரையுள்ள ஒரே பெரிய இடமான எங்கள் உப்புக் கிட்டங்கிக்குள் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூன்று மாதம் உப்பு மூட்டைகளுக்கு நடுவே அது நின்றது. உப்புக்காரர்கள் வீட்டில் யாருக்கும் இது தவறென்று படவில்லை. எங்கள் சாமான் எல்லாம் அங்கேதானே இருக்கும்!

தை பிறந்து கதவைத் திறந்தார்கள். உடம்பு அப்படியே சிவப்பாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் ஆசையாக ஒரு சக்கரத்தைத் தட்டினார். கம்பிகள் முறுக்கு உடைவதுபோல் பொலபொலவென்று உதிர்ந்தன. அடுத்த சக்கரத்தை அவர் தட்டவில்லை. தொட்டுப் பார்த்தார், அதுவும் உதிர்ந்தது. பின்பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடந்த ஸ்டெப்னி ஒன்றுதான் பளபளப்பு மாறாமல் தப்பியிருந்தது.

வண்டியை மாடு கட்டி இழுத்து முற்றத்துக்குக் கொண்டுவந்து, செங்கல் அடுக்கி நிறுத்தினார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன், அதாவது என் மூத்தார், பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னார்.

"மாசி ஒண்ணாம் தேதி உப்புப் பாத்தியில வேலை தொடங்குது. அன்னைக்கு இந்த வண்டி தன் கால்ல வாசலுக்கு வரணும். வரலேன்னா வச்சுக்கோ, மூணு சக்கர லோடு வண்டிக்காரன் தன் வண்டியைத் தந்து இதை மாத்திக்கிடுதேன்னு சொல்லுதான். உப்பு ஏத்தவாவது ஆகும்."

"அண்ணே, சிங்கப்பூர் கப்பல்ல இதே கம்பி வீல் வரும்ணே. சமையக்காரன் ஒருத்தன் கொண்டாரேன்னு சொல்லியிருக்கான்."

"அவன் உனக்கு வீலு கொண்டுவாரதுக்குள்ள நான் பேரன் எடுத்துருவேன்."

லாரி பழுதுபார்க்கும் மேஸ்திரி ஒருவரை அழைத்துவந்தார்கள். அவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். சக்கரத்தின் நடுவே இரண்டு காது வைத்த ஒரே ஒரு பெரிய திருகு. அதைச் சுத்தியலால் தட்டிக் கழற்றினால் சக்கரம் உருவிக்கொண்டு வந்தது. உள்ளே உரல் மாதிரி ஒரு குடம், சுற்றிலும் பல் பல்லாக.

"இந்தப் பல்லுக்கு நம்ம நாட்டுல வீலு கிடையாது அண்ணாச்சி," என்றார் மேஸ்திரி. "நம்ம வண்டிக்கெல்லாம் போல்ட்டுதானே. இதுல போல்ட்டே இல்லியே."

அவர்கள் காப்பி குடிக்கப் போனார்கள். அந்தப் பல் குடத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. கிரீசும் உப்பும் சேர்ந்து பழைய பணியாரச் சட்டி போலப் பொருக்குத் தட்டியிருந்தது. தேங்காய் நார் வைத்துத் தேய்த்தேன். அடிப்பக்கம் பொருக்கு பெயர்ந்தபோது ஒரு நட்டு தெரிந்தது. இன்னும் தேய்த்தேன். நாலு. அந்தப் பல் குடமே ஒரு சட்டைதான். உள்ளே நாலு போல்ட்டில் முடுக்கி வைத்திருந்தார்கள். சட்டையைக் கழற்றினால் வண்டிக்கு மற்ற வண்டிகளைப் போலத்தான் உடம்பு.

இதை எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி நிற்கவும் மாட்டாள், நேராகப் பேசவும் மாட்டாள். நானோ, அந்த வழக்கம் இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன். அப்படி ஒரு கூச்சம். ஆனால் அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. கோழியிடம் சொல்லலாம். எங்கள் வீட்டு வெள்ளைக் கோழி எனக்காகப் பல சேதிகளைக் கொண்டுபோயிருக்கிறது. அதனாலேயே தீபாவளிக்கு அதை யாரும் தொடவில்லை.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று, முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பார்த்துச் சொன்னேன்: "ஏ கோழி, அந்தப் பல்லுக்கு அடியில நாலு நட்டு இருக்குல்லா? அதைக் கழத்திப் பாக்கப்பிடாதா?"

பெஞ்சில் காப்பித் தம்ளர்கள் கீழே இறங்கின.

"மேஸ்திரி," என்றார் மூத்தார், "கோழி என்னமோ சொல்லுதே."

மேஸ்திரி போய்க் குனிந்து பார்த்தார். நிமிரும்போது தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். "இருபது வருசமா ஸ்பேனர் பிடிக்கேன். கோழிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலியே!"

"இனிமே கோழியை லாரி செட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரும்," என்றார் மாமியார்.

நாலு குடங்களையும் கழற்றினார்கள். இனி நாலு ஓட்டை உள்ள தட்டு வீல் கிடைத்தால் போதும். ஆனால் எந்த வண்டியின் தட்டு? போல்ட்டுக்குப் போல்ட்டு தூரம் ஒரு நூல் பிசகினாலும் ஏறாது. என் வீட்டுக்காரர் விரலால் சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைப்பவள். அளவு ரவிக்கை இல்லாவிட்டால் காகிதம் வெட்டிக்கொள்வேன். அதுபோல ஒரு செய்தித்தாளை நாலாக மடித்து, போல்ட்டுகளின் மேல் வைத்து அழுத்தினேன். நாலு ஓட்டையும் நடுவில் வட்டமும் கிரீசோடு பதிந்தன. பழைய டயரின் பக்கவாட்டில் இருந்த எண்களையும் அதன் மூலையில் பென்சிலால் எழுதினேன். ஐந்தாவது வரை படித்ததற்கு எண்கள் நன்றாகவே தெரியும். மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தோடு அவர் பத்து நாள் அலைந்தார். ஜீப்புக்கு ஓட்டை ஐந்து. டாக்சிகளுக்கு ஓட்டை அகலம். ஆறுமுகநேரி கம்பெனிக்கு வந்த கார்களின் அருகில் எல்லாம் குந்தி உட்கார்ந்து காகிதத்தை விரித்துப் பார்த்திருக்கிறார். காவல்காரன் விரட்டியிருக்கிறான். கடைசியில் நாசரேத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வீட்டு வேப்பமரத்தடியில் ஒரு சின்னக் கார் கிடைத்தது. மெட்ராசில் செய்தது, பனைமரத்தில் மோதி முகம் நசுங்கியது. காகிதத்தை வைத்தார். ஓட்டைக்கு ஓட்டை பொருந்தியது. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நல்ல கையெழுத்து, யார் எழுதியது?" என்று எண்களைப் பார்த்துக் கேட்டாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நான் அடுக்களைக்குள் ஓடிவிட்டேன்.

நாலு தட்டு வீலும் பஸ் கூரையில் ஏறி வந்தன. எங்கள் போல்ட்டுகள் கொஞ்சம் குட்டை என்று மேஸ்திரி சொன்னதால், வாத்தியார் வண்டியின் போல்ட்டுகளும் வந்தன. அங்கே ஐந்தாவதாக ஒரு வீலும் இருந்தது. நம்மிடம்தான் ஸ்டெப்னி நன்றாக இருக்கிறதே என்று இவர் அதை விட்டுவந்தார்.

அடுத்தது டயர். கடையில் எல்லாம் லாரி டயர். எங்கள் அளவில் இரண்டே வகை. இரண்டிலும் ஒவ்வொன்றைப் பார்வைக்குக் கொண்டுவந்து முற்றத்தில் உருட்டினார்கள். ஒன்று அகலமாக, பழசின் மேல் தடித்த பட்டன் ரப்பர் ஒட்டி ரீசோல் போட்டது. இன்னொன்று புதுசு, ஆனால் ஒல்லி. ஒல்லியின் அடியில் நெளிநெளியாகக் கோடு ஓடியது கோலம் மாதிரி இருக்கிறது என்று மாமியாருக்கு அதைப் பிடித்தது. அகலமானதுதான் பந்தய வண்டிக்கு லட்சணம் என்றார் என் வீட்டுக்காரர். மணலில் புதையாது என்று மூத்தாரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்.

அகலமானதை ஒரு முன்சக்கரத்தில் மாட்டினார்கள். வண்டியே தோள் விரிந்து நிற்பதுபோல் இருந்தது. என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை வளைத்தார். டயர் மட்கார்டைக் கவ்விக்கொண்டு கிர்ர்ர் என்றது. கோழி பறந்து சுவரில் ஏறியது.

"நேரா மட்டும் போனா ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி," என்றார் மேஸ்திரி.

"நேரா போனா கடல்லா இருக்கு!" என்றார் மூத்தார்.

ஒல்லி டயரே வந்து சேர்ந்தது, நாலும். மாசிக்கு இரண்டு நாள் இருந்தது. மாட்டி முடித்ததும் எல்லாரும் பின்பெட்டியைத் திறந்து பளபளக்கும் ஸ்டெப்னியை ஒருதரம் பார்த்து, "இது ஒண்ணு போதும், கண்ணு மாதிரி இருக்கு" என்று தட்டிக்கொடுத்து மூடினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோழி காலடியிலேயே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

மாசி முதல் தேதி காலையில் வண்டி தன் காலில் வாசலுக்கு வந்தது. முதலில் மூத்தார்தான் ஏறினார். துறைமுகம் வரை போய்த் திரும்பினார்கள். இறங்கும்போது தலைமுடியெல்லாம் குத்திட்டு நின்றது. முகமெல்லாம் லாரிப் புழுதி. வேட்டியை உதறிக்கொண்டு கோழியைத் தேடினார்.

"ஏ கோழி, வண்டி ஓடுது. லோடு வண்டிக்காரனை வரவேண்டாம்னு சொல்லிட்டேன். மணப்பாட்டுக்குப் போறவிய போயிட்டு வரலாம்."

மாமியார், "நானும் ஒரு ஓரமா..." என்று ஆரம்பித்து, உள்ளே எட்டிப் பார்த்து, "இதுல ஓரமே இல்லியே" என்று விட்டுவிட்டார்.

புளியோதரையும் அவித்த பனங்கிழங்கும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். தலையில் முக்காடு போட்டிருந்தேன். பாலம் வரும்வரை அது நின்றது. ஆற்றைத் தாண்டும்போது காற்று அதைப் பிடுங்கிப் பின்னால் கொடிபோலப் பறக்கவிட்டது. ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். உப்பளங்கள் ஓடின. திருச்செந்தூர் கோபுரம் வந்து போனது. இவர் என்னமோ சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார், காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

குலசேகரன்பட்டினத்துக்குச் சற்று முன்னால் ஒரு உடைமுள் முன்சக்கரத்தைக் குத்தியது.

"பயப்படாத ஏளா, ஸ்டெப்னி இருக்கு!" என்று உற்சாகமாக இறங்கினார். ஜாக்கி வைத்துத் தூக்கினார். பஞ்சர் வீலைக் கழற்றினார். பளபளக்கும் கம்பி வீலைத் தூக்கிக்கொண்டுபோய் நாலு போல்ட்டுக்கு நேரே வைத்தார். அதில் நடுவே ஒரு பெரிய பல் துவாரம்தான் இருந்தது. திருப்பி வைத்தார். புரட்டி வைத்தார். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இது மாட்டாதே ஏளா."

நான் கடலைப் பார்த்தேன்.

திருச்செந்தூர் போகும் பஸ் வந்தது. பஞ்சர் வீலைக் கண்டக்டரிடம் ஏற்றி, ஒட்டி வாங்கி, திரும்பும் பஸ்ஸில் கொண்டுவரச் சொல்லி அனுப்பினார். திரும்பி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார் கண்டக்டர்.

மணலில் உட்கார்ந்தோம். அங்கிருந்தே மணப்பாட்டு முனையும் அதன் மேல் மாதாகோயிலும் வெள்ளையாகத் தெரிந்தன. அவர் பனங்கிழங்கின் நாரை உரித்துக் கொடுத்தார். இரண்டு பேரும் தின்றோம். சுற்றிலும் ஆள் இல்லை.

"கோழி இல்லாம உனக்குப் பேச்சு வராதோ?" என்றார்.

கையில் ஒட்டிய நாரைத் தட்டிவிட்டுச் சொன்னேன்: "அந்த ஸ்டெப்னி மாட்டாதுன்னு எனக்குத் தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"எல்லாரும் அதைத் தட்டிக்குடுத்து மூடுன அன்னைக்கே."

கிழங்கு வாயில் இருக்க என்னைப் பார்த்தார். "பொறவு ஏன் சொல்லல?"

"சொன்னா, இன்னொரு வீலு வார வரைக்கும் உங்க அண்ணன் பொறுப்பாவளா? மாசி வந்துரும்லா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்தவே இல்லை. அதற்கப்புறம் என்ன பேசினோம், எவ்வளவு பேசினோம் என்று இன்றைக்கு வரிசையாகச் சொல்ல வராது. இரண்டு வருஷத்துக்குச் சேர்த்துப் பேசினோம். பஸ் வந்து ஹாரன் அடித்தபோது, அதற்குள்ளா என்று இருந்தது. மணப்பாட்டுக்குப் போக நேரமில்லை. அப்படியே திரும்பினோம்.

வெயில் தாழ வீடு வந்து சேர்ந்தோம். மூத்தார் பெஞ்சில் இருந்தார்.

"ஏ கோழி, மணப்பாட்டுக்குப் போய்வர இவ்வளவு நேரமா?"

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்று, "மணப்பாட்டுக்கு இன்னும் போகல கோழி. வழியில பஞ்சர். ஸ்டெப்னி சேரல," என்றேன்.

மூத்தார் அன்றைக்கே ஆள் அனுப்பினார். நாலாம் நாள் நாசரேத்திலிருந்து ஐந்தாவது வீல் வந்துவிட்டது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும், அது இன்னும் கொஞ்ச நாள் கழித்து வந்திருக்கலாம் என்று இருந்தது.